காவிரியைத் தாயென்பேன், கடவுளென்று சொல்லமாட்டேன்

கும்பகோணத்தில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆடிப்பெருக்கன்று அவர் வீட்டில் எல்லோரும் படித்துறைக்குப் போய்க் காவிரிக்குப் படைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். கூடப் படிக்கும் கிறிஸ்தவ நண்பன், "நீங்க படைச்சவரை விட்டுட்டுப் படைப்பைக் கும்பிடுறீங்க" என்று சொல்லிவிட்டானாம். தம்பிக்குக் கோபம். அவர் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: இயற்கையே கடவுள் என்று நினைப்பதில் என்ன தவறு? அப்படி நினைத்தால் ஆற்றைக் காப்பாற்றவாவது தோன்றுமே. கடவுள் வேறு, இயற்கை வேறு என்று பிரித்துவைத்த பைபிள்தானே பூமியைச் சுரண்டக் கற்றுக்கொடுத்தது?

நான் சீர்காழிக்குக் கிழக்கே ஒரு கடைமடைக் கிராமத்தில் பிறந்தவன். தாத்தா உபதேசியார், அப்பா ஒன்றரை ஏக்கர் குத்தகைக்காரர். நாற்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திவிட்டு, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வேதபாடம் எடுக்கிறேன். (எங்கள் பக்கம் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம்.) காவிரி கடவுள் இல்லை என்பது என் நம்பிக்கை. அதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

உங்கள் நண்பன் சொன்னது பைபிளில் ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் வருகிறது. "சிருஷ்டிகரைத் தொழாமல் சிருஷ்டியைத் தொழுது சேவித்தார்கள்" என்று பவுல் எழுதுகிறார். வசனம் சரி. உங்கள் அம்மா தட்டில் காதோலை கருகமணியை எடுத்துவைக்கிற நாளில் அதைச் சுருக்கென்று எறிந்ததுதான் சரியில்லை. அந்தப் பவுலே லீஸ்திரா என்ற ஊருக்குப் போனபோது, ஜனங்கள் அவரையே தெய்வமென்று நினைத்து எருதுகளும் மாலைகளுமாக வந்து நின்றார்கள். அவர் பதறித் தடுத்தார், ஆனால் ஏசவில்லை. வானத்திலிருந்து மழையையும் செழிப்புள்ள காலங்களையும் தந்து, ஆகாரத்தாலும் சந்தோஷத்தாலும் உங்கள் உள்ளத்தை நிரப்பினவர் ஒருவர் உண்டு என்று, மழையிலிருந்து பேச்சை ஆரம்பித்தார். விவசாயிகளிடம் பேசத் தெரிந்த மனிதர்.

அடுத்தவர் வழிபாட்டைப் பற்றிப் பேசுமுன் அது என்னவென்று தெரிந்துகொள்வது எங்கள் ஊரில் பழைய பாடம்தான். 1706-ல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, தமிழ் கற்று, இங்குள்ளவர்களிடம் கேட்டுக் கேட்டு, தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு பெரிய நூல் எழுதினார். அதை அச்சிட ஐரோப்பாவில் இருந்த அவருடைய மேலிடத்துக்கு மனமில்லை. 1867-ல்தான் அது சென்னையில் அச்சேறியது. அவர் வழிபட்டதில்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. ஆனால் தெரிந்துகொண்டபின் மறுத்தார். நண்பனுக்கு இதைச் சொல்லுங்கள்.

சரி, படித்துறையில் உண்மையில் என்ன நடக்கிறது? காவிரிக்கு மசக்கை என்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு வாய்க்கு ருசியாகக் கொடுப்பதுபோல் புளியோதரை, எலுமிச்சஞ்சாதம், தயிர்ச்சாதம் என்று கட்டிக்கொண்டு போகிறார்கள். மஞ்சள் கயிறு, காப்பரிசி, புதுப்பெண்ணுக்குத் தாலி பிரித்துக் கோப்பது, பிள்ளைகள் இழுக்கும் சப்பரம். அங்கே நிற்கிற எந்தப் பாட்டியும் "பிரபஞ்சத்தின் மொத்தப் பொருளும் இறைமையும் ஒன்றே" என்று சொல்லிக்கொண்டு விளக்கு விடுவதில்லை. வீட்டுக்கு வந்த பெண்ணை உபசரிப்பதுபோல் உபசரிக்கிறார்கள், நல்லபடியாகப் போய்வா என்கிறார்கள். அதில் முக்கால்வாசி நன்றி. கிறிஸ்தவனாகிய எனக்கு அந்த நன்றியோடு சண்டையில்லை. அது போய்ச் சேரும் விலாசத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

"இயற்கையே கடவுள்" என்பது வேறு சரக்கு. அது படித்துறையில் பிறந்ததில்லை. ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டில் ஸ்பினோசா "கடவுள், அதாவது இயற்கை" என்று எழுதினார். இன்று வாட்ஸ்அப் காலை வணக்கத்திலும் பனியன் முதுகிலும் வருகிற வாசகத்துக்கு அவர் தூரத்துப் பெரியப்பா. நம் ஊர்ப் பெரியவர்கள் இதை அப்படியே ஒப்புக்கொள்வார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். திருவாவடுதுறையிலும் தருமபுரத்திலும் சொல்லிக்கொடுக்கிற சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) என்று மூன்று. உலகம் பதி ஆகிவிடுவதில்லை. திருவரங்கத்தில் இருந்த இராமானுசர் உலகத்தை இறைவனின் உடல் என்றார். உடலுக்குள் நிற்கும் உயிர் வேறு என்பதையும் சேர்த்தே சொன்னார். இந்த இரண்டோடும் கிறிஸ்தவத்துக்கு வழக்கு உண்டு. எங்களுக்கு உலகம் அநாதியும் இல்லை, இறைவனின் உடலும் இல்லை. இல்லாமல் போயிருக்கக்கூடிய ஒன்று, தரவேண்டும் என்று தோன்றித் தரப்பட்டது. ஆனால் அந்த வழக்கு வேறொரு நாளைக்கு. "எல்லாமே கடவுள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதை அவர்களும் ஏற்கமாட்டார்கள் என்பதே இங்கே போதும்.

உங்கள் பக்கத்து வாதத்தை அதன் மிக அழகான வடிவில் எடுத்துக்கொள்வோம். திருமறைக்காட்டுக் குடும்பத்தில் வந்த தாயுமானவர் பூப்பறிக்கப் போகிறார். கை நீளவில்லை. "பார்க்கின்ற மலரூடு நீயே இருத்தி" என்கிறார். மலருக்குள் நீ இருக்கிறாய், எப்படிப் பறிப்பேன்? வகுப்பில் இதை நடத்தும்போது எனக்கே தொண்டை அடைக்கும். ஆனால் வரியைக் கவனியுங்கள். மலர் ஊடு நீ. மலரே நீ என்று அவர் சொல்லவில்லை. இருப்பது வேறு, ஆவது வேறு. "நான் வானத்தையும் பூமியையும் நிரப்புகிறவர் அல்லவோ" என்று எரேமியாவின் புத்தகத்தில் கர்த்தர் கேட்கிறார். நிரப்புகிறவர் என்பதை நானும் சொல்வேன். குடம் நிறையத் தண்ணீர் இருக்கிறது என்பதால் குடம் தண்ணீராகிவிடாது.

"வானாகி மண்ணாகி" என்று மாணிக்கவாசகர் பாடவில்லையா என்று கேட்பீர்கள். பாடினார். வளியாகி, ஒளியாகி, ஊனாகி, உயிராகி என்று அடுக்கிக்கொண்டே போய் எங்கே முடிக்கிறார்? "நின்றாயை என்சொல்லி வாழ்த்துவனே." கடைசியில் எதிரே ஒரு நீ நிற்கிறது. வாழ்த்த வேண்டிய ஒருவர், வாழ்த்துக்கு அடங்காத ஒருவர். இயற்கையே கடவுள் என்பவரால் அந்தக் கடைசி வரியைப் பாட முடியாது. அவருக்கு அங்கே யாரும் இல்லை.

இனி வயலுக்கு இறங்குவோம். டெல்டாவில் பேசுகிறோம், வயலைத் தவிர்க்க முடியாது.

இயற்கை என்று நாம் சொல்லும்போது எதை நினைக்கிறோம்? மேட்டூரில் திறந்த தண்ணீர் நுரைத்துக்கொண்டு கல்லணையைத் தாண்டுவது, நாற்றங்கால் பச்சை, கொக்கு, பனை, மாலை வெயில். சரி, புகையான்? பால் பிடிக்கும் நேரத்தில் தூரோடு உட்கார்ந்து சாறு குடித்து, வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோனதுபோல் வயலைச் சாய்க்கிற அந்தப் பூச்சியும் இயற்கைதான். குருத்துப்பூச்சி இயற்கை. எலி இயற்கை. நம்மாழ்வார் ஐயா இலங்காட்டில் பிறந்த நம் ஊர் மனிதர், இயற்கை விவசாயத்துக்காக வாழ்ந்தவர். அவர் வழியில் போகிற விவசாயியும் நன்மை செய்யும் பூச்சி எது, தீமை செய்யும் பூச்சி எது என்று பிரித்துப் பார்க்கிறார். அந்த நன்மை தீமை என்ற அளவுகோல் எங்கிருந்து வந்தது? பூச்சியிடமிருந்து வரவில்லை. இயற்கைக்குப் புகையானும் பிள்ளை, பொன்னியும் பிள்ளை. எல்லாவற்றையும் கும்பிடு என்றால் மருந்தடிப்பதும் பாவம், வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதும் பாவம். பிடித்ததை மட்டும் கும்பிடுவேன் என்றால், தேர்ந்தெடுக்கிற நானல்லவா கடவுள்?

2018-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்தது. முக்கொம்பில் கொள்ளிடத்தின் மேலணை மதகுகள் வெள்ளத்தில் உடைந்தன. கொள்ளிடம் கரைபுரண்டு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது கடைமடையில் நாங்கள் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தோம். நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் வந்தது. வேதாரண்யத்திலிருந்து பட்டுக்கோட்டைப் பக்கம் வரை, பிள்ளைபோல் வளர்த்த தென்னைகள் வேரோடு விழுந்து கிடந்தன. ஒரே வருஷத்தில் ஒரே இயற்கை இவ்வளவும் செய்தது. இதில் எந்த நாள் கடவுளுடைய குணம்? ஆகஸ்டா, நவம்பரா?

பைபிளில் எலியா என்றொரு தீர்க்கதரிசி மலைமேல் நிற்கும் காட்சி இருக்கிறது. பர்வதங்களைப் பிளக்கிற பெருங்காற்று வருகிறது. காற்றில் கர்த்தர் இல்லை. பூமி அதிர்கிறது. அதிலும் இல்லை. அக்கினி வருகிறது. அதிலும் இல்லை. பிறகு "அமர்ந்த மெல்லிய சத்தம்." கஜாவுக்கு அடுத்த ஞாயிறு, ஓடு பறந்துபோன கோயிலில் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து நாங்கள் வாசித்த பகுதி அதுதான். காற்றில் கர்த்தர் இல்லை என்ற வரியைப் படித்ததும் பின்பெஞ்சில் ஒருவர் சத்தமாக ஆமென் சொன்னார். முப்பது தென்னை போனவர்.

இதற்கெல்லாம் வேர் ஆதியாகமத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரு குறும்பு உண்டு, பலர் கவனிப்பதில்லை. நாலாம் நாளில் சூரியனும் சந்திரனும் படைக்கப்படுகிற இடத்தில் அவற்றின் பெயரே வராது. "பகலை ஆளப் பெரிய சுடர், இரவை ஆளச் சிறிய சுடர்" என்றுதான் இருக்கும். எபிரெயத்தில் சூரியனுக்கு ஷெமெஷ் என்ற சொல் இருக்கத்தான் செய்தது. ஆனால் பக்கத்துப் பாபிலோனில் அதே வேரிலிருந்து வந்த ஷமாஷ் ஒரு பெருந்தெய்வம். எழுதியவர் பெயரை விழுங்கிவிட்டு, வீட்டில் தொங்கவிட்ட லாந்தரைச் சொல்வதுபோல் பெரிய விளக்கு, சின்ன விளக்கு என்கிறார். அதே அதிகாரத்தில் அந்த விளக்குகளையும் சேர்த்துத்தான் "நல்லது" என்று கண்டார் என்றும் வருகிறது. தெய்வம் என்ற பட்டம் போயிற்று, நல்லது என்ற பெயர் நின்றது. பட்டம் போனால் மதிப்பும் போய்விடும் என்று நினைப்பதுதான் நம் குழப்பம்.

பெயரை ஏன் அப்படி விழுங்கவேண்டும்? நம் பூம்புகாரிலிருந்தே காட்டுகிறேன். சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் திங்களைப் போற்றுவோம், ஞாயிற்றைப் போற்றுவோம், மாமழையைப் போற்றுவோம் என்று வரும். அழகான வாழ்த்து, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். ஏன் போற்றவேண்டும் என்றும் இளங்கோ காரணம் சொல்கிறார். திங்கள் சோழனின் வெண்குடைபோல் உலகுக்கு அருள்வதால். ஞாயிறு காவிரி நாடனின் ஆணைச் சக்கரம்போல் மேருவைச் சுற்றுவதால். மழை அவன் கொடைபோல் பொழிவதால். மூன்று பாட்டிலும் ராஜா உள்ளே புகுந்து உட்கார்ந்துவிட்டார்! இது இளங்கோவின் குற்றமில்லை. இயற்கைக்கு வாயில்லை. வாயில்லாத ஒன்றைச் சிம்மாசனத்தில் ஏற்றினால், அதன் சார்பில் பேச அதிகாரத்தில் இருப்பவன் வந்து நிற்பான். எகிப்தில் அதுதான் நடந்தது. நைல் நதியைத் தெய்வமாக்கிய நாட்டின் ராஜா கடைசியில் என்ன சொன்னான் என்று எசேக்கியேல் எழுதிவைத்திருக்கிறார்: "என் நதி என்னுடையது, அதை நான் எனக்காக உண்டுபண்ணினேன்."

இந்த வரியைக் காவிரிக்காரர்கள் இரண்டு தடவை படிக்கவேண்டும். கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் விடவேண்டிய தண்ணீர், 2007-ல் நடுவர் மன்றம் 192 டிஎம்சி என்றது, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 177.25 என்றது. மேலேயும் கீழேயும் அவள் தாய்தான், தலைக்காவிரியிலும் பூஜை, பூம்புகாரிலும் பூஜை. ஆனால் பங்கு கேட்கும்போது "என் நதி" என்று பேசுகிறவர்களுக்கு எந்தக் கரையிலும் பஞ்சமில்லை. அவளைத் தெய்வமாக்கியதால் இந்த வழக்கில் ஒரு சொட்டும் இறங்கிவரவில்லை. நியாயம் கேட்க ஆற்றைத் தாண்டிய ஓர் இடத்துக்குத்தான் நாமும் போனோம்.

இப்போது என் பக்கத்தில் வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்ன மற்றதெல்லாம் பொய்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். வேளாங்கண்ணிக்கு யாத்திரை வந்தவர்களும் அதில் உண்டு. சில நாள் கழித்துத் தரங்கம்பாடிப் பக்கம் அரிசி, போர்வை கொண்டுபோன குழுவில் நானும் இருந்தேன். ஒரு மீனவப் பெண்மணி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கடலம்மா கடலம்மான்னு கும்புட்டோம். அவளே வாரிக்கிட்டுப் போயிட்டா" என்றார். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்க சாமி மட்டும் அன்னிக்கு எங்க போயிருந்துச்சு வாத்தியாரே?"

கடல் கடவுள் இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். கடலைப் படைத்தவர் ஒருவர் உண்டு என்று சொன்னவுடன் கேள்வி இன்னும் கூர்மையாகத் திரும்பி வருகிறது. அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் அவர் கையில் வைக்கிற மாதிரி ஒரு பதில் இல்லை. ஒன்றுமட்டும் பிறகு புரிந்தது. அவர் கேட்ட கேள்வி, கேட்கக்கூடிய கேள்வி. அலையைப் பார்த்து ஏன் என்று கேட்டால் அலைக்குக் காது கிடையாது. பூமித்தட்டு நகர்ந்தது, தண்ணீர் எழுந்தது, அவ்வளவுதான். இயற்கையே கடவுள் என்றால் அந்தக் கேள்வியே பிழை, அழுகை ஒரு தவறான புரிதல். பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபுவோ அதிகாரம் அதிகாரமாகக் கத்துகிறார், வழக்காடுகிறார், என்னை விசாரிக்க வா என்று கூப்பிடுகிறார். பைபிள் அதை வெட்டி எறியாமல் அப்படியே வைத்திருக்கிறது. சங்கீதங்களில் எத்தனை புலம்பல்! நன்றி சொல்ல ஒருவர் வேண்டும் என்பது ஒரு பாதி. முறையிட ஒருவர் வேண்டும் என்பது மறுபாதி. எங்கள் நம்பிக்கையில் அவர் கேட்டுக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்திருக்கவும் இல்லை. இயேசுவாக மாம்சமாகி, பசித்து, தாகமாயிருக்கிறேன் என்று சொல்லிச் செத்தார். இது அந்தப் பெண்மணிக்குப் போதுமானதா என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

அடுத்து, சுரண்டல் குற்றச்சாட்டு. இது புதிதில்லை. 1967-ல் லின் ஒயிட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் சயன்ஸ் இதழில் இதைத்தான் எழுதினார். சுற்றுச்சூழல் நெருக்கடிக்கு மேற்கத்தியக் கிறிஸ்தவத்துக்குப் பெரிய பொறுப்பு உண்டு என்றார். பாதி உண்மை, அதை விழுங்கத்தான் வேண்டும். "பூமியைக் கீழ்ப்படுத்தி ஆண்டுகொள்ளுங்கள்" என்ற வசனத்தை, பட்டா எழுதிக் கொடுத்தாற்போல் படித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அதே ஒயிட், அதே கட்டுரையில், இதற்கு மாற்றாகக் காட்டியதும் ஒரு கிறிஸ்தவரைத்தான்: அசிசியின் பிரான்சிஸ். கண் மங்கிப்போன கடைசிக் காலத்தில் அவர் பாடிய பாட்டில் சூரியன் சகோதரன், தண்ணீர் சகோதரி, பூமி "எங்கள் சகோதரி, அன்னை". தாய் என்ற சொல் அவர் வாயிலும் வருகிறது, பாருங்கள். அதனால்தான் காவிரித்தாய் என்று சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. தாயைத் தாயென்று மதிக்க அவளைக் கடவுளாக்கத் தேவையில்லை.

ஆளுகை என்ற சொல்லையும் பைபிளுக்குள்ளேயே வைத்துப் படிக்கவேண்டும். நல்ல ராஜா எப்படி இருப்பான் என்று 72-ஆம் சங்கீதம் சொல்கிறது: புல்லறுத்த வெளியில் பெய்கிற மழைபோல் இறங்குவான். ஏதேன் தோட்டத்தில் மனிதனை வைத்தது "அதைப் பண்படுத்தவும் காக்கவும்." அந்த இரண்டு எபிரெய வினைகளே, பிற்பாடு இஸ்ரவேலரின் வழிபாட்டு இடமான ஆசரிப்புக் கூடாரத்தில் லேவியர் செய்யும் பணிவிடைக்கும் காவலுக்கும் வருகின்றன. தோட்ட வேலையும் கோயில் வேலையும் ஒரே சொல்லில்.

இதையெல்லாம்விட டெல்டாக்காரனுக்குப் பட்டென்று விளங்குகிற ஒரு வசனம் லேவியராகமத்தில் இருக்கிறது: "தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால், நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம், நீங்கள் பரதேசிகளும் என்னிடத்தில் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள்." அப்பா இதை வாசித்துவிட்டுச் சிரிப்பார். "அப்ப மிராசுதாரும் குத்தகைதான்டா!" என்பார். நிலத்துக்கு ஒரு சொந்தக்காரர் மேலே இருக்கிறார். உழுகிறவன், உழவைக்கிறவன், சர்க்கார் எல்லோரும் குத்தகை. குத்தகைக்காரனுக்கு நிலத்தைக் கும்பிட்டுவிட்டு வெட்டிப் போக உரிமையில்லை. கணக்குக் காட்டவேண்டும். கொள்ளிடத்தில் மணலை அள்ளி, உப்புத் தண்ணீர் ஊருக்குள் ஏறக் கிணறெல்லாம் கரிக்கிறது என்றால், நொய்யலில் சாயத்தைவிட்டு ஒரத்துப்பாளையம் அணையையே சாக்கடையாக்கினார்கள் என்றால், அது களவு. யாரிடமிருந்து என்றால், அவரிடமிருந்து, அவர் வைத்த மற்றக் குத்தகைக்காரர்களிடமிருந்து. ஆறு கடவுளென்றால் இந்தப் பேச்சே ஓடாது. கடவுளை யாரால் திருட முடியும், யாரால் அழுக்காக்க முடியும்? "கங்கையும் காவிரியும் எதையும் சுத்தமாக்கிவிடும்" என்று சொல்லிக்கொண்டே பழந்துணியை ஆற்றில் விடுகிற பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது. அவள் படைப்பு என்றால் அவளுக்கு அடிபடும். அடிபடுகிறவளுக்குத்தான் காவல் வேண்டும்.

நியாயம் என்று பேசினால் கீழ்வெண்மணியைத் தாண்டிப் போக முடியாது. 1968, கிறிஸ்துமஸ் இரவு. கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்தார்கள். அடித்தவனுக்கும் எரிந்தவருக்கும் சோறு போட்டது ஒரே ஆற்றுத் தண்ணீர். ஆறு யாரையும் கேட்கவில்லை, கேட்காது. இருப்பது எல்லாமே தெய்வம் என்றால் மேல் கீழும் தெய்வம் வைத்ததாகிவிடும், பிறப்பும் இயற்கைதானே என்று வசதியாகச் சொல்லிக்கொள்ளலாம். அப்படிச் சொன்னவர்கள் எங்கள் கோயில்களிலும் இருந்தார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எவ்வளவு பெரிய பக்திக் கவி! அவரே மிஷனரிகள் சாதியை விடச்சொன்னபோது எதிர்த்து எழுதியவர். ஆகவே எங்கள் கை சுத்தம் என்று நான் வாதாட வரவில்லை. அழுக்கு என்று சொல்ல ஓர் அளவுகோல் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று. டெல்டாவையே இயற்கை என்கிறோம், ஆனால் அது பாதி ஆறு, பாதி மண்வெட்டி. ஓடுகிற தாயின் குறுக்கே கரிகாலன் கல்லைப் போட்டான். மணல் படுகையில் கல் புதைந்து புதைந்து நிலைத்தது. 1830-களில் கொள்ளிடம் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டு காவிரி தூர்ந்துகொண்டிருந்தபோது ஆர்தர் காட்டன் வந்து மேலணை கட்டினார். பக்தியுள்ள கிறிஸ்தவர். ஆழம் காணாத மணலில் எப்படி அடித்தளம் போடுவது என்பதைக் கல்லணை கட்டிய பழையவர்களிடமிருந்தே கற்றோம் என்று ஒப்புக்கொண்டவர். மதகு, வாய்க்கால், தலைப்பு, முறைவைத்துத் தண்ணீர் விடுவது, குடிமராமத்து, இவையெல்லாம் சேர்ந்ததுதான் நீங்கள் பார்க்கிற பச்சை. கடவுளுக்கு ஷட்டர் போட முடியாது. அடிமைக்கு மசக்கைச் சோறு கொண்டுபோக மாட்டார்கள். நம் முன்னோர்கள் அவளை இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் உறவாகத்தான் நடத்தியிருக்கிறார்கள்.

அப்படியானால் ஆடிப்பெருக்கன்று கிறிஸ்தவன் என்ன செய்வான் என்று அடுத்துக் கேட்பீர்கள். எங்கள் அப்பாயி செய்ததைச் சொல்கிறேன். புதுத்தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர ஆடி பாதி ஓடிவிடும். வந்த அன்று அவர் வாய்க்கால் தலைப்பில் இறங்கிக் கால் நனைத்து, ஒரு செம்பு மொண்டு நாற்றங்காலில் ஊற்றுவார். எழுதப் படிக்கத் தெரியாது. 65-ஆம் சங்கீதம் மட்டும் மனப்பாடம்: "தேவரீர் பூமியை விசாரித்து அதற்கு நீர்ப்பாய்ச்சுகிறீர், தண்ணீர் நிறைந்த தேவநதியினால் அதை மிகவும் செழிப்பாக்குகிறீர்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொல்வார், பேச்சு மட்டும் மேலே போகும். அறுப்பின் பண்டிகைக்கு முதல் கதிர்க்கட்டு கோயிலுக்குப் போகும், பூசணிக்காயை ஏலம் விடுவார்கள், ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் சொல்வோம்) சிரித்துக்கொண்டே விலையை ஏற்றுவார்.

படைத்ததை அப்பாயி சாப்பிடமாட்டார். எதிர்வீட்டு அம்மாவுக்கு இது தெரியும். ஒரு தடவைகூட இதைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. ஆடிப் பதினெட்டன்று காலையில், படையலுக்கு எடுத்துவைப்பதற்கு முன்பே, ஒரு தூக்கில் புளியோதரையும் தயிர்ச்சாதமும் தனியாக எங்கள் திண்ணைக்கு வந்துவிடும். தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது அப்பாயி அதில் எங்கள் வீட்டு முருங்கைக்காயைப் போட்டு அனுப்புவார்.